நாரையும் கரிக்குருவியும்: திருவிளையாடற் புராணத்திற் கானக வாழ்வு

சென்னையின் வடபாற் கடலோரத்தே விளங்கும் திருவொற்றியூர், மூவர் முதலிகளாற் பாடப்பெற்ற பெருமை உடையது. பட்டினத்தடிகள் சிவலிங்க வடிவெய்திய இடமெனப் போற்றப்படும் கோயிலும் அவ்வூர்க் கடற்கரையிலேயே உள்ளது. அதற்கு வடக்கே எண்ணூரிற் கொசத்தலையாறு கடலொடு கலக்கின்றது. ஓதம் ஏறியிறங்கும் அக்கழிமுகத்தில் நாரையும் கொக்கும் மீன் நோக்கி அசைவற்று நிற்கும். அம்மீனையே நம்பி வலைஞரும் படகு செலுத்துவர். ஒருபுறம் பதிகம் பெற்ற திருத்தலம். மறுபுறம் ஓருயிர் பிறிதோருயிரை உண்டு வாழும் நீர்ப்பரப்பு. இவ்விரண்டையும் ஒருங்கு காண்பார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு: கொன்றும் கொல்லப்பட்டும் நிகழும் இவ்வியற்கை வாழ்விலே திருவருளுக்கு இடம் யாது?

மேனாட்டார் இவ்வினாவைப் பெரிதும் ஆராய்ந்தனர். 1859ஆம் ஆண்டிற் டார்வின் வெளியிட்ட உயிரினத் தோற்ற நூல், உயிர்கள் வாழ்தற்பொருட்டு ஓயாது போராடுகின்றன என்பதைக் காட்டிற்று. தக்கன பிழைக்கும் என்னும் பொருள்பட்ட தொடரை எர்பர்ட்டு இசுபென்சர் 1864இல் வழங்கினார். பின்னர் இக்கருத்துக் கதைநூல்களிலும் புகுந்தது. 1903இல் அமெரிக்கராகிய ஜாக் லண்டன் எழுதிய 'கானகத்தின் அழைப்பு' என்னும் நூலில், வீட்டில் வளர்ந்த நாயொன்று வடபனி நிலத்தில் அடியுண்டு, வன்மையே வாழ்வென்று கற்று, முடிவில் ஓநாய்க் கூட்டத்தொடு சேர்கின்றது. இத்தகைய நூல்களைக் கற்றார் சிலர், காட்டுயிர் வாழ்வின் கடுமையைச் சைவப் புராணங்கள் கண்டனவல்ல. அவற்றில் விலங்கும் பறவையும் அற்புதங் காட்டுதற்கு வரும் கருவிகளே என்று குறை கூறுவர். இக்கூற்றுப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துக் கூடற்காண்டத்தின் இறுதியில் நான்கு படலங்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. நாற்பத்தைந்தாம் படலம் தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் முலை கொடுத்தது; அடுத்தது அக்குட்டிகளை மந்திரிகளாக்கியது; நாற்பத்தேழாம் படலம் கரிக்குருவிக்கு உபதேசித்தது; நாற்பத்தெட்டாம் படலம் நாரைக்கு முத்தி கொடுத்தது. இவற்றைத் தனித்தனி அற்புதமாகக் கற்பதே பெருவழக்கு. ஒருசேர வைத்துக் கற்பின், கானக வாழ்வின் மூவகை இடர்களும் முறைப்பட வைக்கப்பட்டிருத்தல் புலனாகும்.

முதலாவது, காக்குநர் இன்மை. பாண்டியன் வேட்டையில் ஆண்பன்றியும் பெண்பன்றியும் மாள, பன்னிரு குட்டிகள் பாலின்றி வெயிலிற் துடிக்கின்றன. ஈன்ற விலங்கு மாண்டால் இளங்குட்டி மாளும் என்பது காட்டின் விதி. புலவர் அவ்விதியை மறைத்திலர். குட்டிகளின் பசியையும் விடாயையும் முன்னர்க் காட்டிய பின்னரே, இறைவன் தாய்ப்பன்றியாக வந்தமையைக் கூறுகின்றார். திருமாலும் பன்றியாகி நிலம் அகழ்ந்து தேடிக் காணா அடிகள், பன்றிக்குட்டிகளின் பசி தீர்த்தற்குப் பன்றியாகவே வந்தன என்னும் நயம் கற்பாருளத்தை உருக்குவதாம்.

இரண்டாவது, மெலிமை. கரிக்குருவி சிறிய பறவை. காக்கை முதலிய வலிய பறவைகள் தலையிற் கொத்தக் குருதி சோர்ந்து, அவற்றுக்கு அஞ்சிக் காட்டகத்து ஒரு மரத்தில் ஒடுங்குகின்றது. மெலியது வலியதற்கு இரையாம் என்னும் மேனாட்டார் கோட்பாட்டின் முழுக்காட்சியும் இங்கு உளது. அம்மரத்தடியிற் சிவனடியார் ஒருவர் மதுரைச் சிறப்பை எடுத்துரைக்கக் கேட்ட குருவி, ஆலவாய் அடைந்து வழிபட்டு மிருத்தியுஞ்சய மந்திரம் பெறுகின்றது. ஆண்டும் அது தன் பகைப்பறவைகளை அழிக்கும் ஆற்றலைக் கேட்டிலது. தன் குலமும் துன்புறாது உய்தலையே வேண்டி, 'வலியான்' என்னும் பெயரும் பெற்றது. மெலியது பெற்ற வலிமை பிறரை நலியும் வலிமையன்று, தன்னினத்தைக் காக்கும் வலிமை என்பது ஈண்டுப் போதரும் கருத்து.

மூன்றாவது, பசி. இதுவே மூன்றனுள் அரியது. பன்றிக்குட்டியும் குருவியும் துன்புறுத்தப்பட்டவை. நாரையோ பிறவுயிரைத் துன்புறுத்தி வாழ்வது. மழை பொய்த்துத் தடாகம் வற்றக் காட்டகத்து முனிவர் ஆடும் தீர்த்தத்தை நாரை அடைகின்றது. நீராடுவார் மேனியிற் படிந்து புரளும் மீன்களைக் கண்டு, இவற்றை உண்ணல் தகாதெனத் தானே விலக்குகின்றது. பின்னர் மதுரை சார்ந்து பொற்றாமரையில் மூழ்கிப் பதினைந்து நாள் வழிபடுகின்றது. பதினாறாம் நாள் பசி மிக, வாவியின் மீனைக் கவர நினைக்கின்றது. நினைந்தும் உடனே அந்நினைவுக்கு இரங்கி ஒழிகின்றது. புராணத்தின் உயிர்நிலை இக்கணமே. பசியில்லாத நாரையைப் புலவர் படைத்திலர். பசியை உணர்ந்தும் அதற்கு அடிமையாகாத நாரையையே படைத்தார். எளிதின் வென்றதாகக் கூறியிருப்பின் அது வெறுங்கதையாய் முடிந்திருக்கும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். பன்றிக்குட்டிகள் முன்னைப் பிறப்பில் மக்களாய் இருந்து சாபத்தாற் பன்றியானவை, கரிக்குருவியும் அத்தகையதே, ஆகலின் இவை மெய்யான காட்டுயிர்கள் அல்ல, விலங்குடல் போர்த்த மக்களே என்பர். பன்றிக்குட்டிகளை அரசவையில் அமைச்சராக்கியது இம்மறுப்புக்கு இடந்தருவதே. அப்படலத்திற் காடு மறைந்து அரண்மனையே தோன்றுகின்றது என்பது ஒப்பத்தக்க குறை. ஆயின் இம்மறுப்பு முழுவதும் செல்லாது. மக்கள் உயிர் வேறு, விலங்கின் உயிர் வேறு என்னும் கொள்கையுடையார்க்கே அது மறுப்பாகும். சித்தாந்தமோ உயிர்களனைத்தையும் பசு என ஒரு பெயராற் கூறும். வேற்றுமை உடம்பாலும், கன்மத்தாலும், மலமறைப்பின் ஏற்றத்தாழ்வாலும் ஆவதேயன்றி உயிரின் இயல்பால் ஆவதன்று. மணிவாசகப்பெருமான் சிவபுராணத்திற் புல் முதலாகப் பிறவிகளை எண்ணித் தாம் அவையனைத்துமாய்ப் பிறந்திளைத்தமை கூறுவது இதனை வலியுறுத்தும். எனவே, நாரை விலங்கா, மக்களா என்று வினவுதல் சைவர்க்குப் பொருந்தாது. நாரையினிடத்து நிகழ்வது ஓர் உயிர் தன் மலத்தொடு செய்யும் போராட்டம்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. நாரை வேண்டிய வரங்களுள் ஒன்று, பொற்றாமரையில் மீன் இல்லாதொழிதல். தன் இனத்தன பின்னாளில் அங்கு மீனுண்டு பாவம் எய்தாமைப்பொருட்டு அது வேண்டப்பட்டது. மீனின்றேல் நாரை எவ்வாறு வாழும்? அனைத்து நீர்நிலைகளிலும் இவ்வரம் செல்லுமாயின் நாரைக்குலமே அழியுமன்றோ எனின், அற்றன்று. அவ்வரம் ஒரு வாவிக்கே உரியது. ஏனைய குளமும் கழியும் மீனுக்கும் நாரைக்கும் பொதுவாகவே விடப்பட்டன. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்கள் பக்குவம் எய்துதற்பொருட்டு இறைவன் மாயையினின்று தோற்றித் தந்தவை. ஆதலின் புவனம் பொய்த்தோற்றம் அன்று; உயிர்க்கு உதவும் மெய்ப்பொருள். நாரைக்கு அதன் கழியும் அவ்வாறு தரப்பட்டதே. ஒருயிர் தன் உணவைத் தானே துறத்தல் தவமாம். பிறர் அதன் உணவையும் இடத்தையும் பறித்தல் தவமாகாது, தீவினையே ஆம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தொடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழியிற் பரந்தது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் கரிபடிந்தன. கூழைக்கடா முதலிய பறவைகளின் சிறகில் எண்ணெய் ஒட்டிற்று. வலைஞர் வலையும் படகும் கெட்டுத் தொழில் நின்றது. அங்கே பட்டினி கிடந்த பறவை விரும்பி நோன்பு நோற்றதன்று. மீனை நாரையினின்றும் காத்தது பொற்றாமரை வரம். எண்ணூரில் மீனும் நாரையும் மீனவரும் ஒருங்கே நலிந்தனர். மெலியதை வலியது அடர்த்தல் காட்டிற்கே உரிய வழக்கென்று எண்ணுவார், அவ்வழக்கின் மிகக் கொடிய வடிவம் ஆலைகள் சூழ்ந்த நகர்ப்புறத்தே நிகழ்ந்ததை ஓர்தல் வேண்டும்.

ஆகவே, கானக வாழ்வின் கடுமையைச் சைவப் புராணம் கண்டிலது என்னும் குறை நிரம்பாது. அது கண்டது, கண்டதோடு அமையாது, காக்குநர் இல்லார்க்குத் தாயாதல், மெலியார்க்குத் துணையாதல், வலியார் தம் பசியைத் தாமே அடக்கல் என மூன்று நெறியும் வகுத்தது. மேனாட்டுக் கதையில் நாய் காட்டிற்குத் திரும்புகின்றது. இங்கு நாரை, காட்டில் இருந்தவாறே அருளை நோக்கித் திரும்புகின்றது. கூடற்காண்டத்தை ஆசிரியர் அரசனொடும் முனிவனொடும் முடியாது நாரையொடு முடித்தமை கருதத்தக்கது. ஒற்றியூர்ப் பெருமானை வழிபடச் செல்லும் அன்பர், வடபால் உள்ள கழியில் நிற்கும் நாரையையும் ஒருகால் நோக்குவராக. அதன் பசி அறிந்து அதன் நீரைத் தூயதாகக் காத்தலும் சிவபுண்ணியத்தின்பாற்படும் என்பது துணிபு.