அஸ்பாரகஸ் உரித்தவள்

மார்செல் ப்ரூஸ்டின் ‘இழந்த காலத்தைத் தேடி’ ஏழு பாகங்கள். 1913 முதல் 1927 வரை வெளிவந்தவை. மாணவியாக, முதல் பாகத்தையே இரண்டு முறை பாதியில் மூடிவிட்டேன். அவ்வளவு நீண்ட வாக்கியங்கள்.

தேநீரில் நனைத்த மதலேன் கேக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவது வாசிப்பில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவள், கோம்ப்ரே வீட்டின் சமையலறைப் பெண். அந்த ஆண்டு அவள் கர்ப்பிணி. அந்தக் கோடையில் வீட்டார் ஏறக்குறைய தினமும் அஸ்பாரகஸ் உண்டார்கள். அதை உரிக்கும்போது எழும் வாசனை அவளுக்கு மூச்சிரைப்பைத் தரும். அவளை வேலையைவிட்டு ஓடவைக்கவே சமையல்காரி ஃபிரான்சுவாஸ் அதைக் கொடுத்தாள். கதைசொல்லிக்கு இது பல ஆண்டுகள் கழித்தே தெரிகிறது.

ப்ரூஸ்டும் ஆஸ்துமாவில் அவதிப்பட்டவர்தான். இருந்தும் அவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. ஆனால் தன் இனிய நினைவுக்குள் அவளுடைய இரைப்பையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அந்தக் கோடையை அவள் எப்படி நினைவுகூர்ந்திருப்பாள்? அந்தப் பாகம் எழுதப்படவேயில்லை.