வாசலின் அகலம்: பேஸ்பால் அணிகளைப் பிளே-ஆஃப் எண்ணிக்கையால் அளப்பது சரியா?

1927இல் நியூயார்க் யாங்கீஸ் அணி 110 ஆட்டங்களை வென்றது. பேப் ரூத் 60 ஹோம் ரன் அடித்த ஆண்டு அது. அக்டோபரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை நான்கே ஆட்டங்களில் வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வென்றது. 2021இல் அதே யாங்கீஸ் 92 ஆட்டங்களை வென்று, 'வைல்டு கார்டு' வழியாக, அதாவது தன் பிரிவில் (டிவிஷனில்) முதலிடம் பிடிக்காமலே, உள்ளே நுழைந்து, பாஸ்டனில் ரெட் சாக்ஸ் அணியிடம் ஒரே இரவில் 6-2 என்று தோற்று வீடு திரும்பியது. அமெரிக்கப் பேஸ்பால் அணிகளை 'வழக்கமான பருவத்துக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபை இதுவரை எத்தனை முறை ஆடின' என்று வரிசைப்படுத்தும் பட்டியலில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் கிடைக்கும் மதிப்பு சமம்: தலா ஒன்று.

அந்தப் பட்டியலின்படி 2025 பருவம் முடிய யாங்கீஸ் 60 முறை பிளே-ஆஃப் கண்டு முதலிடத்தில் நிற்கிறது. 39 முறையுடன் அடுத்து நிற்பது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். கடைசி இடம் மயாமி மார்லின்ஸுக்கு. அது நான்கே முறை உள்ளே வந்திருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ரசிகர்கள் இந்த எண்களை வைத்துத்தான் அணிகளின் பெருமையை வாதாடுகிறார்கள். எண்கள் உண்மையானவை. ஆனால் ஓர் எண் உண்மையாக இருப்பதும் அது சரியான அளவுகோலாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. அதனால் இந்த வழக்கத்தின் பலம் எது, பழுது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பலம். பேஸ்பால் தோல்விகள் நிறைந்த ஆட்டம். மிகச் சிறந்த அணிகூடப் பத்து ஆட்டங்களில் மூன்று நான்கில் தோற்கும். ஒரு நாள் ஒரு பந்துவீச்சாளரின் கை நன்றாக வந்துவிட்டால் எந்த அணியும் எந்த அணியையும் வென்றுவிடும். அதனால்தான் வழக்கமான பருவம் ஆறு மாதம், 162 ஆட்டம் என்று நீள்கிறது. அவ்வளவு ஆட்டங்கள் ஆடினால்தான் அதிர்ஷ்டம் கழிந்து திறமை தெரியும். பிளே-ஆஃப் இதற்கு நேர்மாறு. ஐந்து ஆட்டத் தொடரிலோ ஏழு ஆட்டத் தொடரிலோ நல்ல அணி தோற்பது அன்றாடம் நடப்பது. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்று, ஒரு பருவத்தில் அதிக வெற்றிகள் என்ற சாதனையைச் சமன் செய்தது. அக்டோபரில் யாங்கீஸிடம் ஐந்தே ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. அந்த அணி இன்றுவரை வேர்ல்ட் சீரிஸ் ஆடியதில்லை.

ஆகவே கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவர் பெரும்பாலும் அக்டோபர் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே எண்ணுகிறார். அட்லான்டா பிரேவ்ஸ் இதற்குச் சரியான சாட்சி. 1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியில் நின்ற 1994ஐத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் அது தன் டிவிஷனில் முதலிடம் பிடித்தது. தொடர்ச்சியாகப் பதினான்கு முறை. பாபி காக்ஸ் பயிற்சியில் மேடக்ஸ், கிளவைன், ஸ்மோல்ட்ஸ் என்ற மூன்று பந்துவீச்சாளர்கள் அந்த அணியைத் தாங்கினார்கள்; மூவருமே பின்னால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார்கள். கிடைத்த பட்டம் ஒன்றே ஒன்று, 1995இல். மறுபக்கம் மார்லின்ஸ் 1997இலும் 2003இலும் வைல்டு கார்டாக நுழைந்து இரண்டு பட்டம் வென்றது. தன் டிவிஷனில் ஒருமுறைகூட முதலிடம் பிடிக்காத அணி அது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பிரேவ்ஸைவிட மார்லின்ஸ்தான் நல்ல அணி என்று அவற்றைப் பார்த்து வளர்ந்த எவரும் சொல்லமாட்டார். பிளே-ஆஃப் எண்ணிக்கை இந்த இடத்தில் நியாயமாகப் பேசுகிறது. ஆண்டுக்காண்டு தளராத உழைப்புக்கு அது மதிப்புத் தருகிறது. எவருடைய கருத்தையும் சாராமல், யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணாகவும் இருக்கிறது.

இனிப் பழுது. எல்லாவற்றிலும் பெரியது, வாசலின் அகலம் காலத்துக்குக் காலம் மாறியதை இந்தப் பட்டியல் கணக்கில் கொள்ளாதது. 1903இல் வேர்ல்ட் சீரிஸ் தொடங்கியபோது அமெரிக்கன் லீகில் எட்டு அணி, நேஷனல் லீகில் எட்டு அணி. லீகுக்கு ஒன்று, முதலிடம் பிடித்த அணி மட்டுமே உள்ளே போகும். 1960களில் லீகுகள் பத்து அணிகளாக வளர்ந்தன. வாசல் மட்டும் அப்படியே இருந்ததால் வாய்ப்புப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 1969இல் லீகுகள் டிவிஷன்களாகப் பிரிந்து நான்கு அணிகளுக்கு இடம் வந்தது. 1995இல் வைல்டு கார்டு முறையில் எட்டு, 2012இல் பத்து, 2022 முதல் முப்பது அணிகளில் பன்னிரண்டு. கொரோனா ஆண்டான 2020இல் அறுபதே ஆட்டப் பருவத்துக்குப் பிறகு பதினாறு அணிகள் உள்ளே வந்தன, பாதிக்கும் மேல்.

இதன் விளைவைப் பாருங்கள். 1942இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 104 ஆட்டங்களை வென்றும் வெளியே நின்றது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 106 வென்றுவிட்டதால். 1954இல் யாங்கீஸ் 103 வென்றது. கிளீவ்லாந்து 111 வென்றது. யாங்கீஸுக்கு அந்த ஆண்டு பூஜ்யம். 1993இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 வென்று, 104 வென்ற பிரேவ்ஸுக்குப் பின்னால் நின்று வீட்டுக்குப் போனது. ஆனால் 2020இல் 29 வெற்றி, 31 தோல்வி என்று முடித்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் மில்வாக்கி புரூவர்ஸும் உள்ளே போயின. வென்றதைவிட அதிகம் தோற்ற அணிக்கு ஒன்று. நூற்று நான்கு வென்ற அணிக்குப் பூஜ்யம். இதை ஒரே கூட்டலில் போடுவது, ஆழாக்கால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் ஒரே எண்ணாகச் சொல்வதைப் போன்றது.

இரண்டாவது பழுது, அணிகளின் வயது. சிகாகோ வைட் சாக்ஸ் 11 முறை பிளே-ஆஃப் கண்டிருக்கிறது. டாம்பா பே ரேஸ் 9 முறை. பட்டியலில் வைட் சாக்ஸ் மேலே. ஆனால் வைட் சாக்ஸ் 1901 முதல் ஆடுகிறது; ரேஸ் பிறந்தது 1998இல்.

இந்த இரண்டு அணிகளையும் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பருவத்திலும் லீகின் எல்லா அணிகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஓர் அணி எத்தனை முறை உள்ளே வந்திருக்க வேண்டும்? வைட் சாக்ஸ் போன்ற பழைய அமெரிக்கன் லீக் அணிக்கு, எட்டில் ஒன்று என்று 1960 வரையிலான 57 வேர்ல்ட் சீரிஸ் பருவங்களில் ஏழு முறை. 1961 முதல் 1993 வரை ஏறத்தாழ ஐந்து. வைல்டு கார்டு வந்த 1995 முதல் 2025 வரை பத்து. ஆகமொத்தம் 22. வந்தது 11 முறை, சரிபாதி. ரேஸுக்கு வர வேண்டியது ஒன்பது, வந்ததும் ஒன்பது. மேலே நிற்கும் அணி தன் பங்கில் பாதியைத்தான் பெற்றிருக்கிறது. கீழே நிற்கும் அணி முழுப் பங்கையும் பெற்றிருக்கிறது. அதுவும் சம்பளச் செலவில் பெரும்பாலும் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, யாங்கீஸும் ரெட் சாக்ஸும் இருக்கும் டிவிஷனில் ஆடிப் பெற்ற ஒன்பது. இன்னொன்று: வைட் சாக்ஸின் பதினொன்றில் 1919ஆம் ஆண்டும் சேர்ந்திருக்கிறது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேர்ல்ட் சீரிஸைத் தோற்றதாக எட்டு வீரர்கள் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் ஆயுள் முழுவதும் விலக்கப்பட்ட ஆண்டு அது. பட்டியலில் அதற்கும் ஒன்று.

இதே கணக்கை யாங்கீஸுக்குப் போட்டால் அதன் பெருமை குறைவதில்லை, தெளிவாகிறது. வர வேண்டியது 22, வந்தது 60. ஆனால் அந்த அறுபதும் ஒரே தரத்தவை அல்ல. 1921 முதல் 1964 வரை 44 ஆண்டுகளில் 29 முறை உள்ளே போய் 20 பட்டம் வென்றது. 1995 முதல் 2025 வரை 26 முறை உள்ளே போய் ஐந்து பட்டம். முன்பு உள்ளே போவதென்றால் நேராக இறுதித் தொடர்தான். இன்று அது மூன்று நான்கு சுற்றுகளுக்கான நுழைவுச் சீட்டு. கூட்டல் இந்த இரண்டு சரித்திரங்களையும் ஒரே எண்ணுக்குள் மூடிவிடுகிறது.

மூன்றாவது பழுது, கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாமல் போனவை. 1981இல் வேலைநிறுத்தத்தால் பருவம் இரண்டாக உடைந்தது. ஒவ்வொரு பாதியிலும் முதலிடம் பிடித்தவர்களுக்கு மட்டும் பிளே-ஆஃப் இடம் தந்தார்கள். முழு ஆண்டையும் சேர்த்தால் நாட்டிலேயே சிறந்த கணக்கு சின்சினாட்டி ரெட்ஸுடையது: 66 வெற்றி, 42 தோல்வி. எந்தப் பாதியிலும் முதலிடம் இல்லாததால் அதற்கு இடமில்லை. 1994 இதைவிடக் கொடுமை. மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 74-40 என்று எல்லா அணிகளுக்கும் முன்னால் நின்றபோது ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. மான்ட்ரியலில் ஆடிய 36 பருவங்களில் அந்த அணி பிளே-ஆஃப் கண்டது 1981இல் ஒருமுறைதான். 2005இல் அது வாஷிங்டனுக்குப் போய் நேஷனல்ஸ் ஆனது. மான்ட்ரியலின் அந்த ஒன்று இன்று வாஷிங்டன் கணக்கில் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் தன் 52 பருவங்களில் பார்த்த ஒரே வேர்ல்ட் சீரிஸ், 1944இல் நடந்தது, இப்போது பால்டிமோர் ஓரியோல்ஸின் வரிசையில் ஏறியிருக்கிறது. அந்த அக்டோபரில் மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஊரின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தை அறுப்பது கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீகுகள் பட்டியலில் இல்லாமல் போனது. 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்காகக் களமிறங்கும்வரை அவர்களுக்கு மேஜர் லீகின் கதவு மூடியே இருந்தது. அவர்கள் தங்கள் லீகுகளை நடத்தினார்கள். 1924இல் தங்கள் வேர்ல்ட் சீரிஸையும் தொடங்கினார்கள். அந்த முதல் தொடரைக் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் வென்றது. ஹோம்ஸ்டெட் கிரேஸ் 1943, 1944, 1948 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2020இல் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீகுகளை மேஜர் லீகுகளாக அங்கீகரித்தது. 2024இல் அவற்றின் ஆட்டக் கணக்குகளையும் சேர்த்துக்கொண்டது. கிரேஸ் அணிக்காக ஆடிய ஜாஷ் கிப்சன் .372 என்ற சராசரியுடன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி, வாழ்நாள் பேட்டிங்கில் முதலிடத்துக்கு வந்தார். வீரருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, அணிக்குக் கிடைக்கவில்லை. இன்று உயிரோடிருக்கும் முப்பது அணிகளை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு அதற்கு 'அனைத்துக் காலப் பட்டியல்' என்று பெயர் வைத்தால், கிரேஸும் மோனார்க்ஸும் ஆடிய காலம் எங்கே போயிற்று?

நான்காவது, உள்ளே போனபின் நடந்ததைப் பட்டியல் கேட்பதே இல்லை. கொலராடோ ராக்கீஸும் மார்லின்ஸும் 1993இல் ஒன்றாகப் பிறந்த அணிகள். ராக்கீஸ் ஐந்து முறை பிளே-ஆஃப் கண்டது, பட்டம் இல்லை. மார்லின்ஸ் நான்கு முறை, இரண்டு பட்டம். பட்டியல் ராக்கீஸைத்தான் மேலே வைக்கிறது. பிரேவ்ஸ் விஷயத்தில் நியாயம் சொன்ன அளவுகோல் இங்கே நியாயம் சொல்லத் தவறுகிறது.

நான் போட்ட 'வர வேண்டியது - வந்தது' கணக்கிலும் குறை உண்டு. அது எல்லா அணிகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்கிறது. பெரிய நகரத்தின் வருமானம், வலுவான டிவிஷனில் மாட்டிக்கொள்வது இவையெல்லாம் அதற்குத் தெரியாது. 2005இல் சான் டியேகோ பாட்ரேஸ் 82-80 என்ற கணக்கோடு டிவிஷன் வென்று நுழைந்தது, அதன் டிவிஷன் அவ்வளவு மெலிந்திருந்ததால். ஆனாலும் வாசல் எவ்வளவு அகலம் என்பதையாவது அந்தக் கணக்குச் சொல்கிறது. அது இல்லாமல் அணிகளை ஒப்பிட இறங்குவதே தவறு.

ஆகவே என் தீர்ப்பு இது. பிளே-ஆஃப் எண்ணிக்கை நல்ல சாட்சி. அதை நீதிபதியாக உட்காரவைக்கக் கூடாது. ஒரே காலகட்டத்தில், ஒரே வாசலில் முட்டிய அணிகளை ஒப்பிட அதைத் தாராளமாக நம்பலாம். 1903ஐயும் 2025ஐயும் ஒரே நூலில் கோக்க அது போதாது. பட்டியல் போடுகிறவர்கள் ஒரு பத்தியோடு நிறுத்தாமல் நான்கு பத்திகள் போடட்டும்: ஆடிய பருவங்கள், வர வேண்டிய எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, வென்ற பட்டங்கள். அவற்றின் அடியில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் போல இன்று இல்லாத அணிகளுக்கும் ஒரு வரிசை இருக்கட்டும். அப்படி எழுதினாலும் முதலிடம் யாங்கீஸுக்குத்தான். ஆனால் அந்த முதலிடத்தின் எடை என்ன என்பது அப்போதுதான் வாசிப்பவருக்குத் தெரியும்.