மறைத்த பெயரும் மறையாத எழுத்தும்: இடைக்காலப் புனிதர் தொன்மங்களில் பாவமும் மீட்பும்

திறவுச்சொற்கள்: புனிதர் தொன்மம், பாவசங்கீர்த்தனம், தவம், கிரிகோரியுஸ், ஹார்ட்மன் ஃபொன் அவ, எகிப்து மரியாள், தியோபிலுஸ்.

முன்னுரை

இடைக்கால ஐரோப்பியப் புனிதர் வரலாறுகளுள், பெரும்பாவியாய் இருந்து புனிதரானோர் கதைகளைத் தனி வகையாகவே கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் சபைத் துறவியான ஜாக்கோபுஸ் தெ வொராஜினே இலத்தீனில் தொகுத்த 'லெஜெண்டா ஔரியா' இத்தகைய கதைகள் பலவற்றைத் திருவழிபாட்டு ஆண்டின் வரிசையில் அமைத்துத் தந்தது. அதன் கையெழுத்துப்படிகள் ஏறத்தாழ ஆயிரம் இன்றும் எஞ்சியிருத்தல் அதன் பரவலுக்குச் சான்றாகும். பாவம், மனமாற்றம், தவம், மன்னிப்பு என்னும் ஒரே சட்டகத்துள் இக்கதைகளை அடக்கிக் காண்பது வழக்கமாகிவிட்டது. அச்சட்டகம் தவறன்று, ஆயின், எல்லாக் கதைக்கும் பொருந்துவதனாலேயே அது எந்தக் கதையையும் விளக்குவதில்லை. மன்னிக்கப்பட்ட பாவம் அழிந்துவிடுகிறதா, எங்கேனும் பதிந்து நிற்கிறதா என்னும் வினாவை அது எழுப்புவதே இல்லை. பாவம் எழுத்தாகப் பதிவுபெறும் மூன்று தொன்மங்கள் அவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

எரிந்த சாசனமும் மணலில் தோன்றிய எழுத்தும்

9ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துத் திருத்தொண்டர் பவுல், கிரேக்கத்திலிருந்து இரு கதைகளை இலத்தீனில் பெயர்த்தார். அவற்றுள் ஒன்று தியோபிலுஸின் கதை. சிலிசியா நாட்டுத் திருச்சபை அலுவலரான தியோபிலுஸ் பணிவின் காரணமாக ஆயர் பதவியை மறுக்கிறார். பின்பு புதிய ஆயரால் தம் பதவியை இழக்கிறார். இழந்ததை மீட்கச் சாத்தானுக்குத் தம்மையே எழுதிக்கொடுக்கிறார். அவர் மனம் வருந்தி மன்றாட, கன்னி மரியா அச்சாசனத்தை மீட்டுத் தருகிறார். அது மக்கள்முன் படிக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. இங்குப் பாவம் ஒரு கடன்பத்திரம். பத்திரம் எரிந்தால் கடனும் தீர்ந்தது. பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தின் வடக்கு வாயிலில் சிற்பமாகவும், ரூத்பெஃபின் நாடகமாகவும் இக்கதை 13ஆம் நூற்றாண்டில் பெற்ற செல்வாக்குக்கு இத்தெளிவே காரணம் எனலாம். அத்தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. சாத்தானிடம் தியோபிலுஸை அழைத்துச் செல்பவராக ஒரு யூதரைப் படைத்து, குற்றத்தின் பெரும்பங்கை அவர்மீது ஏற்றிய பின்னரே கதை தன் நாயகனை மீட்கிறது. மீட்புக் கதை என்னும் பெயரில் ஒரு சமூகத்தின்மீது வெறுப்பு வளர்ந்ததைத் திறனாய்வு கடந்து செல்ல இயலாது.

பவுல் பெயர்த்த மற்றொன்று எகிப்து மரியாளின் வரலாறு. அலெக்சாந்திரியாவில் 17 ஆண்டுகள் பரத்தையாக வாழ்ந்த மரியாளை எருசலேம் ஆலய வாயிலில் கண்ணுக்குப் புலப்படாத ஆற்றலொன்று தடுத்து நிறுத்துகிறது; அதன்பின் அவர் யோர்தானுக்கு அப்பாற்பட்ட பாலைவனத்தில் 47 ஆண்டுகள் தனித்து வாழ்கிறார். அவரைக் கண்ட துறவி சோசிமுஸிடம் தம் பாவம் முழுவதையும் கூறுகிறார். பெயரை மட்டும் கூறவில்லை. அவர் இறந்தபின் உடலருகே மணலில் காணப்படும் எழுத்தே அப்பெயரை அறிவிக்கிறது. பாவம் பெயரின்றிச் சொல்லப்படலாம் என்பதையும், பெயர் இறப்பிற்குப் பின்னரே வெளிப்படலாம் என்பதையும் இக்கதை இயல்பாக ஏற்கிறது. ஹார்ட்மன் ஃபொன் அவ இந்த ஏற்பையே குலைக்கிறார்.

தந்தப் பலகை

12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஒரு பழம் பிரெஞ்சுக் கதையைத் தழுவி, இடைக்கால உயர் ஜெர்மன் மொழியில் ஹார்ட்மன் இயற்றிய 'கிரிகோரியுஸ்' சுமார் 4,000 அடிகள் கொண்டது. இதன் நாயகரான திருத்தந்தை வரலாற்று மாந்தர் அல்லர். அக்குவித்தானிய நாட்டு உடன்பிறந்தார் இருவர்க்குப் பிறந்த குழந்தை கடலில் விடப்படுகிறது. உடன் வைக்கப்பட்டவை பட்டும் பொன்னும், தாய் தன் கையால் எழுதிய ஒரு தந்தப் பலகையும் ஆகும். குழந்தையின் தாய் அதற்கு அத்தையும் ஆவாள், தந்தை மாமனும் ஆவான் என்று பலகை கூறுகிறது. பெற்றோரின் பாவத்துக்காக மகன் மன்றாட வேண்டும் என்றும் கேட்கிறது. நாட்டின் பெயரையோ குலத்தின் பெயரையோ அது கூறவில்லை.

கதையின் முடிச்சு இந்த மௌனத்தில்தான் உள்ளது. மடத்தில் வளர்ந்து, தன் பிறப்பறிந்து, வீரனாகப் புறப்பட்ட கிரிகோரியுஸ், முற்றுகையிடப்பட்ட நாடொன்றை மீட்டு அதன் தலைவியை மணக்கிறார். அவள் அவருடைய தாய். அவர் அணிந்த பட்டு, தான் குழந்தையுடன் வைத்த பட்டைப் போன்றிருப்பதைத் தாய் காண்கிறாள். கண்டும் மேலே எண்ணவில்லை. பலகை பெயரைச் சொல்லியிருப்பின் இரண்டாம் பாவம் நிகழ்ந்திராது. முழுமையற்ற அறிக்கை, தான் கழுவ முயன்ற பாவத்தையே மீண்டும் பிறப்பிக்கிறது. ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வதை நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டாயமாக்கியது 1215இல்தான். காப்பியம் அதற்கு முந்தியது. ஆயினும், பாதி சொல்லப்பட்ட பாவத்தைப் பற்றிய அச்சம் அதில் முன்னரே உருப்பெற்றுவிட்டது.

கிரிகோரியுஸின் குற்றம் யாது என்பது ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவும் விவாதம். பாவம் செயலில் இல்லை, உள்ளத்தின் இசைவிலேயே உள்ளது என்பது பீட்டர் அபெலாரின் அறவியல் கொள்கை. அதன்படி, அறியாமல் தாயை மணந்தவர் குற்றமற்றவர். மடத்தைத் துறந்ததே அவர் குற்றம் என்று சிலர் விடை கண்டனர். அது தண்டனைக்கேற்ற குற்றத்தைத் தேடிக் கண்டெடுக்கும் முயற்சியாகவே தோன்றுகிறது. அறியாது பெற்றோரைக் கொன்ற ஜூலியான், கொலை செய்யும் எண்ணத்தோடாவது வாளை ஓங்கினார். கிரிகோரியுஸிடம் அத்தகைய எண்ணமும் இல்லை. எனவே அவருடைய தவத்தைத் தண்டனையாகக் கொள்ளாமல், எழுதப்பட்டதைத் தனதென ஏற்றலாகக் கொள்வதே பொருந்தும். மணவாழ்விலும் அவர் நாள்தோறும் தனியறைக்குள் சென்று பலகையைப் படித்து அழுகிறார். பணிப்பெண் அதைக் காண்பதால்தான் உண்மை வெளிப்படுகிறது.

கடற்பாறை ஒன்றில் விலங்கிடப்பட்டு 17 ஆண்டுகள் கிடந்தவரை, இறைவெளிப்பாடு பெற்ற உரோமையர் இருவர் தேடி வருகின்றனர். கடலில் எறியப்பட்ட விலங்கின் திறவுகோல் மீனின் வயிற்றில் கிடைக்கிறது. இவ்வற்புதமே பெரிதும் பேசப்படுவது. ஆயின், விடுதலை பெற்றவர் உரோமைக்கு விரையவில்லை. முன்னர் மீனவன் குடிலில் மறந்து விட்டுச்சென்ற பலகையைத் தேடுகிறார். குடில் அழிந்த இடத்தில் குப்பைக்கும் களைக்கும் அடியில், புதிதாய்ச் செய்தது போன்ற பொலிவுடன் அது கிடைக்கிறது. தியோபிலுஸின் சாசனம் எரிந்தது. இப்பலகையோ ஓர் எழுத்தும் மங்கவில்லை. பலகை கெடாதிருந்ததையே கவிஞர் அருளின் அடையாளமாக்குகிறார். மீட்பு, பாவத்தின் பதிவை நீக்காமல் அதைப் படிக்கத்தக்கதாகவே காக்கிறது.

இங்குக் காப்பியத்தின் குறையொன்றையும் சுட்டவேண்டும். பலகையை எழுதியவள் தாய். இருமுறை பாவத்தில் வீழ்ந்தவளும் அவளே. மகனுடைய பாறைத் தவம் விரிவாகப் பாடப்பட, நாட்டை ஆண்டுகொண்டே அவள் நோற்ற தவம் சில அடிகளில் முடிகிறது. படித்தவர் புனிதராகிறார்; எழுதியவள் பெயரின்றியே நிற்கிறாள். நம்பிக்கையிழப்பைப் பெரும் பாவமாகக் கடியும் கவிஞர், அதை வெல்லும் போராட்டத்தை அவளிடம் இன்னும் ஆழமாகக் காட்டியிருக்கலாம். 1951இல் இக்கதையை 'டெர் எர்வேல்ட்டே' என்னும் புதினமாக்கிய தோமஸ் மன், அவளுடைய அகத்தினுள் நுழைந்தது இக்குறையை உணர்ந்தே போலும்.

எனினும் இறுதிக்காட்சியை ஹார்ட்மன் அவளுக்கே தருகிறார். திருத்தந்தை யாரென அறியாமல் உரோமைக்கு வந்து, அவள் தன் பாவம் அனைத்தையும் அவரிடம் அறிக்கையிடுகிறாள். கேட்பவர் அவளை அறிந்துகொள்கிறார். ஆயினும் உடனே தம்மை வெளிப்படுத்தவில்லை. மகனைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டதுண்டா என்று வினவுகிறார். அவனைக் காண விரும்புகிறாளா என்றும் கேட்கிறார். அவள் விருப்பத்தைக் கூறிய பின்னரே, தாம் யார் என்பதைச் சொல்கிறார். பலகை சொல்லாது விட்டது அங்கே வாய்மொழியாக நிறைவுறுகிறது.