திருமேனியைக் காக்கும் நூல்கள் எங்கே?

அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனி ஒன்றின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கத் தொடங்குகிறது. துடைத்தால் பொடி போகும், நோய் போகாது. மண்ணில் புதைந்து கிடந்த காலத்தில் உலோகத்துக்குள் இறங்கிய குளோரைடு, காற்றின் ஈரம் பட்டதும் உள்ளிருந்தே அரிக்கும். துறையினர் இதை வெண்கல நோய் என்பார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற காப்பாட்சியர் எந்த நூலைப் புரட்டுவார்?

முதலில் எழும்பூருக்குத்தான் வரவேண்டும் என்பேன். அங்குள்ள, 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே வேதியியல் ஆய்வகம் இயங்கியது. அங்கே எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் பழைய செப்புப் படிமங்களின் அரிப்பை நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களை எம்முறையில் தீட்டினார்கள் என்று அவர் ஆராய்ந்த கட்டுரையை ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக இதழ் வெளியிட்டது. இத்தனை செய்தவரின் பெயர் தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போனது பெரிய இழப்பு.

எழும்பூரின் ஆய்விதழ் வரிசை ஒரு சுரங்கம். விலங்கியல் அறிஞரான கிரேவ்லி, டி.என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932இல் வெளியிட்ட செப்புப் படிமப் பட்டியலும், அமராவதிச் சிற்பங்கள் பற்றி சி. சிவராமமூர்த்தி 1942இல் எழுதிய நூலும் அவ்வரிசையில் வந்தவையே. இவற்றுக்கு இணையாக நான் மதிப்பது வரவுப் பதிவேடுகளை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த படிமம் எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்ற குறிப்பு பதிவேட்டில் இல்லாவிட்டால் அதன் வரலாற்றில் பாதி அழிந்துவிடும்.

ஆவணத்தின் வலிமைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமே சான்று. 1955இல் தொடங்கிய அந்நிறுவனம் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த நிழற்படங்கள், திருட்டுப்போய் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்த நடராசர் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குரியவர் என்று நிறுவ உதவின. 2014இல் அவர் நாடு திரும்பினார்.

பயிற்சிக்கு 1952 முதல் பரோடாவில் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. பாதுகாப்பு ஆய்வுக்கு லக்னோவின் தேசிய ஆய்வகம் உண்டு. வெளிநாட்டு வரிசையில் கனடியப் பாதுகாப்பு நிறுவனத்தின் குறிப்புகள் சுருக்கமானவை, இலவசமானவை. பொருள்வைப்பறையைச் சீரமைக்க ரோமில் உள்ள பன்னாட்டுப் பாதுகாப்பு மையமான இக்ரோம் உருவாக்கிய வழிமுறை, ஆள்பலமும் பணமும் குறைந்த சிறிய அருங்காட்சியகங்களை மனத்தில் வைத்தது. ஆனால் குளிர்நாட்டுக் கட்டடங்களுக்குச் சொன்ன ஈரப்பத அளவுகளை உப்புக்காற்று வீசும் சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. காப்பாட்சியர் படித்துக்கொள்வார். ஆனால் சிலையைத் தூக்கி வைப்பவரும், ஓலைச்சுவடியைத் தூசி தட்டுபவரும், கண்ணாடிப் பேழையைத் திறந்து மூடுபவரும் கடைநிலை ஊழியர்களே. பச்சைப் பொடியை முதலில் பார்க்கும் கண்கள் அவர்களுடையவை. எதைத் தொடலாம், எதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, எப்போது உடனே மேலே சொல்ல வேண்டும் என்று படங்களோடு விளக்கும் தமிழ்க் கையேடு ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.