தலைகீழ்த் தூரநோக்கு: ஓவியமும் வில்லையும்

மத்தியகால ருஷ்யத் திருவுருவ ஓவியர்கள் தூரநோக்கு விதிகளை அறியாதவர்கள் என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அந்திரேய் ரூப்லெவின் 'திரித்துவம்' ஓவியத்தில் தேவதூதரின் பாதபீடங்கள் பின்னோக்கிச் செல்கையில் குறுகாது அகல்கின்றன. இதனைப் பிழை என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அல்பேர்ட்டி தூரநோக்கு விதிகளை நூலாக வகுத்தது 1435 இல். ரூப்லெவ் மறைந்ததோ 1430 அளவில். இல்லாத சட்டத்தை மீறியவராக அவரைக் குற்றங்காண்பது எங்ஙனம்?

இவ்விதியே இயற்கை என்பதற்குக் கமராவைச் சான்று காட்டுவது வழக்கம். அச்சான்றை நாம் பரிசீலித்தல் வேண்டும். நீண்ட குவியத்தூரமுடைய வில்லையால் தொலைவிலிருந்து எடுக்கப்படும் திரைப்படக் காட்சியில், ஒரு பெட்டியின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட அகன்றதாகத் தோன்றுவதுண்டு. அளவுகோலை வைத்துப் பார்ப்பின் அது அகன்றிராது. இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். தொலைவிலுள்ளது சுருங்கும் என எதிர்பார்த்துப் பழகிய மனமே மிகையாக ஈடுசெய்கின்றது. ஆகவே இங்கு தலைகீழாவது படிமமன்று, பார்ப்போனின் புலக்காட்சியே.

மெய்யாகவே தலைகீழாக்கும் வில்லையும் உண்டு. தொழிற்சாலைகளில் போத்தல் போன்றவற்றின் மேற்புறத்தையும் சுற்றுப்பக்கங்களையும் ஒரே படத்திற் பரிசோதிக்க இது பயன்படுகின்றது. பொருளைவிட அகன்ற இவ்வில்லையின் அமைப்பில், பார்வை மையம் பொருளுக்கு அப்பால் விழுகின்றது. எனவே வில்லைக்குத் தொலைவானது அம்மையத்துக்கு அண்மையாகிப் பெருக்கின்றது. தூரநோக்கை நிர்ணயிப்பது அம்மையத்தின் இடமே எனில், கமராவின் சாட்சியம் ஒருபக்கச் சாட்சியமே. (ரூப்லெவைப் பற்றித் தார்க்கோவ்ஸ்கி 1966 இல் ஆக்கிய கறுப்பு வெள்ளைப் படம், இறுதியில் ஓவியங்களை வண்ணத்திற் காட்டும்போது, கமரா அவற்றின் வெளியை அவற்றின் போக்கிலேயே விட்டுவிடுகின்றது.)

புளோரென்ஸ்கி 1919 இல் எழுதிய கட்டுரையில், நேர்த் தூரநோக்கு நாடக மேடைத் திரைச்சீலையின் மாயையிலிருந்து பிறந்ததென வாதிட்டார். அவ்வாதம் கூர்மையானது. ஆயின் தலைகீழ் முறையைச் சமய மெய்யுணர்வின் மொழியாக்கும் அவரது முடிபு எமக்கு உடன்பாடன்று. சோவியத் விண்வெளிப் பொறியியலாளர் ரவுஷென்பாக் 1975 இல் வெளியிட்ட நூலின் விளக்கமே பொருள்முதல் அடிப்படையில் நிற்பது: மிக அண்மையிலுள்ள சிறு பொருளை மனிதக் கண்களும் மூளையும் சற்றே தலைகீழாகக் காண்கின்றன. பாதபீடத்துக்கு இவ்விளக்கம் பொருந்தும். பின்னணிக் கட்டடங்கள் விரிவதற்கு இது போதாது. அதற்கு ஓவியப் பட்டறைகளின் மரபையே நாடவேண்டியுள்ளது.