26ஆல் வகுத்த கடன்: கேத்தி ஓ'நீல் புத்தகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

அல்காரிதமும் அரசியலும் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் முதலில் கை போவது கேத்தி ஓ'நீலின் 'வெப்பன்ஸ் ஆஃப் மேத் டிஸ்ட்ரக்‌ஷன்' புத்தகத்துக்குத்தான். 2016ல் வந்தது. ஓ'நீல் கணிதப் பேராசிரியராக இருந்தவர், பிறகு ஹெட்ஜ் ஃபண்ட் ஒன்றில் வேலை பார்த்தவர். உள்ளே இருந்து பார்த்த ஆள் என்பதால் எழுத்தில் ஒரு கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். எந்தக் கணித மாதிரி ஆபத்தானது என்று கண்டுகொள்ள மூன்று அடையாளங்கள் தருகிறார். உள்ளே என்ன நடக்கிறதென்று பாதிக்கப்படுகிறவருக்குத் தெரியாது, ஏகப்பட்ட பேர் மீது ஒரே நேரத்தில் பாயும், வாழ்க்கையைக் கெடுக்கும்.

பின்னால் இரண்டும் சரி. என் தகராறு முதலாவதோடு. மறைவாக இருப்பதுதான் கோளாறின் வேர் என்ற எண்ணம் இந்தப் புத்தகத்திலிருந்தும் இதுபோன்ற சிலவற்றிலிருந்தும் கிளம்பி, இன்று கொள்கை ஆவணங்கள் வரை போய் உட்கார்ந்துவிட்டது. கறுப்புப் பெட்டியைத் திற, தணிக்கை செய், விளக்கம் கொடு. நல்ல கோரிக்கைகள்தான். ஆனால் பெட்டியே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' திட்டத்தைப் பாருங்கள். புத்தகம் வந்த அதே 2016ல்தான் அது முழு வேகம் எடுத்தது. வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை தருவது சென்டர்லிங்க். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பணம் வரும், அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தோம் என்று நாம் சொல்ல வேண்டும். புதுத் திட்டம் என்ன செய்தது? வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒருவருடைய ஆண்டு வருமானத்தை எடுத்து 26ஆல் வகுத்தது. அவ்ளோதான். இதில் நரம்பு வலைப்பின்னலும் கிடையாது, இயந்திரக் கற்றலும் கிடையாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஒருவர் நிதியாண்டின் முதல் பாதியில் வேலை பார்க்கிறார், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர். 13 சம்பளம், மொத்தம் 26,000. அப்புறம் வேலை போய்விட்டது. மீதி ஆறு மாதம் உதவித்தொகை வாங்குகிறார், வருமானம் சுழியம் என்று உண்மையைச் சொல்கிறார். 26,000ஐ 26ஆல் வகுத்தால் 1,000. ஆக, உதவித்தொகை வாங்கிய ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் இவர் 1,000 டாலர் சம்பாதித்து மறைத்துவிட்டார்ன்னு கணினி சொல்கிறது. கடன் கடிதம் வீட்டுக்கு வருகிறது, பலருக்குக் கூடவே 10 சதவீத அபராதமும். கணக்கு எங்கே தப்பு என்று யாருக்குத்தான் புரியாது? வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், கடிதம் வாங்கியவர்கள், எல்லாருக்கும் புரிந்தது. புரிந்தும் 2019 வரை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். முன்பும் வரி விவரத்தோடு ஒப்பிடும் வழக்கம் இருந்தது. ஆனால் முரண்பாடு தெரிந்தால் ஓர் ஊழியர் அதைப் பார்ப்பார். தேவைப்பட்டால் முதலாளியிடமே சம்பள விவரம் கேட்டு வாங்குவார். அதற்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. புதுத் திட்டம் அந்த வேலையை அப்படியே பெறுநர் தலையில் வைத்தது. பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டு வா, இல்லாவிட்டால் சராசரிதான் உண்மை. பதில் வராத கடிதங்களுக்கும் சராசரிதான். வீடு மாறியதால் கடிதமே பார்க்காதவரும் கடனாளி. வேலையை மிச்சம் பிடித்தது கணினி இல்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசு கைமாற்றியதுதான் மிச்சம் பிடித்தது. வருஷத்துக்கு 20,000 கடிதம் என்றிருந்தது வாரத்துக்கு 20,000 ஆனது அப்படித்தான்.

டெரி கார்னி என்ற சட்டப் பேராசிரியர் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுப்பினராக இருந்தார். 2017ல் தன் முன் வந்த வழக்குகளில் இந்தச் சராசரியை வைத்துக் கடன் சுமத்த முடியாது, கடன் இருக்கிறதென்று காட்ட வேண்டியது துறைதான் என்று தீர்ப்பளித்தார். துறை மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் மேல் பிரிவின் தீர்ப்பு வெளியாகியிருக்கும், எல்லாரும் அதைக் காட்டியிருப்பார்கள். முதல் பிரிவின் தீர்ப்புகள் அப்போது பொதுவில் வந்ததில்லை. அந்த ஒருவருக்குக் கடன் போச்சு, மற்றவர்களுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 40 ஆண்டு தீர்ப்பாய அனுபவம் உள்ள கார்னிக்கு அந்த ஆண்டு பதவி நீட்டிப்பும் கிடைக்கவில்லை. ஒளித்து வைக்கப்பட்டது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். அல்காரிதத்தை யாரும் ஒளிக்கவில்லை.

2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசு தோல்வியை ஒப்புக்கொண்டது. சுமார் 4,33,000 பேர் மீது 170 கோடி டாலருக்கு மேல் சட்டவிரோதக் கடன். கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையத்தின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது. தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார் இருவர் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். இந்தத் திட்டத்துக்குச் சட்டம் இடம் தராது என்ற ஆலோசனை 2014லேயே துறைக்குள் இருந்தது என்பதும் வெளியே வந்தது.

இப்போது ஓ'நீலிடம் திரும்புவோம். மாதிரி தயாரிப்பவர்களுக்கு மருத்துவர்கள் எடுப்பதுபோல ஓர் உறுதிமொழி வேண்டும், அல்காரிதங்களைத் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறார். ரோபோடெட்டைத் தணிக்கை செய்ய ஒருவர் போனால் வகுத்தல் சரியாக நடக்கிறதா என்று பார்த்து, நடக்கிறது என்று எழுதிவிட்டு வரலாம்! குற்றம் வகுத்தலில் இல்லை, அந்த விடையை ஆதாரமாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தரவு அறிவியல் வேண்டாம், சமூகப் பாதுகாப்புச் சட்டம் தெரிந்தால் போதும்.

மறைவு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தின் 'சிரி' மோசடிக் கண்டறிதல் முறையை 2020 பிப்ரவரியில் ஹேக் நீதிமன்றம் நிறுத்தியதற்கு வெளிப்படைத்தன்மை இல்லாததும் பெரிய காரணம். அங்கே ஓ'நீலின் அளவுகோல் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் சட்டம் இயற்றுகிறவர்கள் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் முன்னுரைப் பத்தி ஒன்று, மனிதர்கள் மட்டுமே வகுத்த விதிகளைத் தானாக நிறைவேற்றும் முறைகள் செயற்கை நுண்ணறிவு என்ற வரையறைக்குள் வராது என்கிறது. அந்தச் சட்டம் 2016ல் ஆஸ்திரேலியாவில் இருந்திருந்தாலும் ரோபோடெட் அதன் பக்கமே வந்திருக்காது. 26ஆல் வகு என்பது மனிதர் எழுதிய விதிதானே.