நிழற்படத்தில் தனிமையும் கூற்றும்

தனிமையைப் பொருளாகக் கொண்டு நிழற்படத் தொகுப்பு அமைக்கும் மாணவர், வெற்றிடத்தில் ஓர் உருவை நிறுத்துவதே போதும் எனக் கருதுதல் உண்டு. இதற்கு யாம் உடன்படோம். மயிலாடிச் சிற்பக்கூடத்தில் உளியும் கையுமாக ஒருவர் தனித்திருத்தல் தொழிலின் இயல்பு, அது தனிமையன்று. தனிமையாவது உறவின் முறிவு. வள்ளுவர் வகுத்த 'தனிப்படர்மிகுதி' அதிகாரத்தில் துயர் பிறப்பது ஆளின்மையாலன்று, அன்பு ஒருதலையாதலால்.

தயானிதா சிங், அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவன மாணவியாயிருந்தபோது தொடங்கிய முயற்சி, தபேலாக் கலைஞர் சாகிர் உசேனைப் பற்றிய நூலாக 1986-இல் வெளிவந்தது. தில்லி இடுகாட்டில் வாழ்ந்த மோனா அகமது என்னும் திருநங்கையைப் பல்லாண்டு படம்பிடித்து, 2001-இல் அவர் மற்றொரு நூல் ஆக்கினார். வளர்ப்பு மகளைப் பிரிந்த துயர் அந்நூலில் மோனாவின் சொற்களாலேயே, பதிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள் வாயிலாக வெளிப்படுகின்றது. அகப்பாடலிற் புலவர் தாமாகப் பேசார். மாந்தர் கூற்றே பாட்டாகும். ஈண்டும் அம்முறை அமைந்துள்ளமை கருதத்தக்கது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறார்; ஆகலின் அவர் துயர் எவர்க்கும் பொதுவாம். நிழற்படமோ முகத்தைக் காட்டிவிடுகின்றது. பெயரை மறைப்பினும் ஆளை மறைத்தல் அரிது. ஆகவே அகப்பாடலில் மரபாக நின்ற கூற்று, நிழற்படத்தில் அறமாகின்றது. பிறர் தனிமையைப் படமாக்கும் மாணவர், அவர் யாரைப் பிரிந்தார் என வினவி, அவர் சொல்லையும் படத்தோடு வைத்தல் வேண்டும். அன்றேல் அப்படம் எடுத்தோர் எண்ணத்தையே காட்டும் என்பது எம் கருத்து.